வேதாரண்யத்து உப்பும் ஃபூரியர் உருமாற்றமும்

கும்பகோணம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது; நாற்றங்காலில் விதைவிட்டாயிற்று.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் கடல்நீர் ஏறிய உன் வயலில், இன்றைய உப்பளவை ஆழவாரியாக அளந்து, ஃபூரியர் உருமாற்றத்தால் (எந்த ஏற்றத்தாழ்வையும் பல அலைகளின் கூட்டலாகப் பிரிக்கும் கணித முறை) காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அன்றைய நிலை தெரியுமா என்று கேட்டிருந்தாய். தெரியாது. ஏன் தெரியாது என்பதையும் அந்த உருமாற்றமே காட்டிக்கொடுக்கிறது.

வெப்பம் பரவுவதற்காகப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியர் 1822இல் அச்சிட்ட சமன்பாடே உப்பின் விரவலுக்கும் (செறிந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவதற்கும்) பொருந்தும்: உப்பளவு காலத்தோடு மாறும் வீதம், ஆழத்தைப் பொறுத்த அதன் இரண்டாம் வகைக்கெழுவை விரவல் கெழுவால் (எவ்வளவு விரைவாகப் பரவும் என்று காட்டும் எண்) பெருக்கியதற்குச் சமம். உருமாற்றியதும் அந்த இரண்டாம் வகைக்கெழு, அலையெண்ணின் (அலை குறுகக் குறுகக் கூடும் எண்) வர்க்கத்தால் குறைக்குறியோடு பெருக்குவதாகச் சுருங்கிவிடுவதால், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு ஒவ்வோர் அலைக்கும் தனித்தனியாக, பிளஸ் டூ மாணவனே தீர்க்கக்கூடிய எளிய சமன்பாடாகிறது.

தீர்வில் ஒவ்வோர் அலையும் தன் அலையெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேய்கிறது. விஷயமெல்லாம் அந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. அசையாத நீரில் உப்பின் விரவல் கெழு வினாடிக்கு ஏறக்குறைய 0.0015 சதுர மி.மீ. அதன்படி, 10 செ.மீ. அலைநீளமுள்ள ஏற்றத்தாழ்வு ஒரே நாளில் 60 சதவீதமாகக் குறையும், 2 செ.மீ. அலையிலோ மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. களிமண்ணில் இது இன்னும் மெதுவாக நடக்கும் என்றாலும், நீ கேட்பது ஆண்டுக்கணக்கு. பின்னோக்கிப் போகும்போது, எத்தனை மடங்கு தேய்ந்ததோ அத்தனை மடங்கு பெருக்கியாக வேண்டும். அப்போது உப்போடு சேர்ந்து உன் ஈ.சி. மீட்டரின் (மின்கடத்துதிறனைக் கொண்டு உப்பை அளக்கும் கருவி) பிழையும் பெருகி, விடையை விழுங்கிவிடும்.

பாடநூல்கள் அவசரமாகக் கடந்துவிடும் ஓரிடம் உண்டு. மழைநீர் சீரான வேகத்தில் கீழிறங்கினால், அது அலையை இடம் பெயர்க்குமே தவிர அதன் உயரத்தைத் தொடாது. ஆகவே ஓட்டத்தைக் கணக்கில் திருப்பிவிடலாம். விரவலைத் திருப்ப முடியாது.

எனவே முன்னோக்கியே ஓட்டிப் பார். அன்று தேங்கிய கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று வைத்து, நீர் இறங்கும் வேகத்துக்குச் சில மதிப்புகளைக் கொடுத்து, எது இன்றைய அளவுகளோடு ஒத்துப்போகிறது என்று தேடு. நுண்ணிய அலைகள் எப்போதோ அழிந்துவிட்டதால், அரை அடிக்கு ஒரு மண் மாதிரி எடுத்தாலே போதும். எண்களை அனுப்பினால் நானும் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்