ஃபுர்கா மலையிலிருந்து அப்பாவுக்கு

சூரிச்,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் நான் சொல்வது உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. மீதிப் பாதியை அம்மா நடுவில் புகுந்து தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். குன்னூர் ரயில் ஷெட்டில் எஞ்சின் பாய்லர் பக்கத்திலேயே இருந்து போன காதுக்குக் கடிதம்தான் சரிப்படும்.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "கரியிலிருந்து தப்பிக்கட்டும் என்றுதானே படிக்க வைத்தேன், அங்கே போயும் கரி அள்ளுகிறாளா?" என்று கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாகப் படியுங்கள்.

சம்பளம் கரியிலிருந்து வரவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை கண்ணாடிக் கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மின்சார ரயில்களுக்கு பிரேக் கணக்குப் போடுவது என் வேலை. எத்தனை டன், என்ன வேகம், எவ்வளவு சரிவு, தண்டவாளம் நனைந்திருந்தால் வண்டி எங்கே போய் நிற்கும், எல்லாமே கம்ப்யூட்டர் திரையில். கணக்குப் போட்ட வண்டியை ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பதற்குள் அடுத்த வேலை வந்துவிடும். இந்த நாட்டில் ரயில் மூன்று நிமிடம் பிந்தினாலே தாமதக் கணக்கில் எழுதிவிடுவார்கள். மழைக்காலத்தில் நம்ம நீலகிரி மலைரயில் பாதையில் கல்லாறில் மண் சரிந்து நாள்கணக்கில் வண்டி நின்றதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இன்னும் சிரிப்புதான் வருகிறது.

கோடைக்காலச் சனிக்கிழமைகளில்தான் அந்தக் கரி. விடியற்காலை சூரிச்சில் ஏறி, கோஷனனில் மாறி, ஆண்டர்மாட்டில் மறுபடி மாறினால் ரியால்ப் வரும். மலைக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஃபுர்கா கணவாய் வழியாக ஓபர்வால்ட் வரைக்கும் சுமார் 18 கிலோமீட்டர் நீராவி ரயில் ஓடுகிறது. ஓட்டுவது, பழுது பார்ப்பது, தண்டவாளம் போடுவது, கேன்டீனில் சமைப்பது என்று ஏறக்குறைய எல்லாமே சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான்.

உச்சியிலுள்ள ஃபுர்கா ஸ்டேஷன் கடல்மட்டத்திலிருந்து 2,160 மீட்டர். நம்ம ஊட்டி ஸ்டேஷன் இதைவிடச் சற்று உயரம்தான். ஆனால் அங்கே தேயிலையும் யூகலிப்டஸும் இருக்கும் உயரத்தில் இங்கே மரமே கிடையாது. புல், பாறை, ஜூன் மாதத்திலும் பனி. மலையின் அந்தப் பக்கம் கிளெட்ஷ் என்ற ஸ்டேஷன். நூறு வருஷத்துக்கு முந்தைய படங்களில் ரோன் பனியாறு பள்ளத்தாக்கை நோக்கி நீண்டு தொங்குகிறது. இப்போது மேலே பாறைக்குப் பின்னால் சுருங்கிக் கிடக்கிறது.

இந்தப் பாதை முழுசாகத் திறந்தது 1926-ல். குளிர்காலம் முழுக்கப் பனிச்சரிவு, அதனால் கோடையில் மட்டும்தான் ஓடும். பிறகு மலைக்கு அடியில் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து 1982-ல் திறந்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே மேல் பாதைக்குப் பூட்டு. தண்டவாளத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது சிலர் சேர்ந்து தடுத்தார்கள். 1992-ல் ஒரு துண்டு, 2000-ல் கிளெட்ஷ் வரை, 2010-ல் ஓபர்வால்ட் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள்.

இதில் ஒரு பாலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஷ்டெஃபன்பாக் என்ற ஓடையின் மேல் நிலையாக ஒரு பாலம் இருந்ததாம், பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விட்டது. எதைக் கட்டினாலும் இதே கதிதான் என்று புரிந்துகொண்டு, 1925-ல் மடக்கும் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். மூன்று துண்டு. இலையுதிர் காலத்தில் ஆட்கள் வின்ச் வைத்து இழுத்து அதை மடக்கிக் கரையோடு ஒதுக்கிவிடுகிறார்கள். கோடை தொடங்குமுன் திரும்ப விரிக்கிறார்கள். பனி வந்து பார்க்கும்போது அங்கே பாலமே இருக்காது. அந்தக் காலத்து இன்ஜினியர்கள் மலையோடு சண்டை போடாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் போடும் எந்தக் கணக்கையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். முதல் நாள் ரியால்ப் ஷெட்டுக்குள் நுழைந்தபோது மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. சூடான எண்ணெய், ஈரக் கரி, காட்டன் வேஸ்ட், வேலை முடிந்து வரும் உங்கள் சட்டையின் அதே வாசனை. நின்றிருந்தது ஹெச்ஜி 3/4 வகை எஞ்சின். பக்கவாட்டில் பித்தளைப் பிளேட்டில் எஸ்எல்எம் வின்டர்தூர், 1913 என்று இருந்தது, வின்டர்தூர் ஊரிலிருந்த ஸ்விஸ் எஞ்சின் கம்பெனி. குன்னூர் ஷெட்டில் நீங்கள் ஆயுதபூஜைக்குத் துடைத்துச் சந்தனம் வைக்கும் எக்ஸ் கிளாஸ் எஞ்சின் பிளேட்டிலும் இதே கம்பெனிப் பெயர்தானே? நம் எக்ஸ் கிளாஸின் முதல் எஞ்சின்கள் 1914-ல் வந்தவை. ஒரே பட்டறையில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்து, சிலதை ஆல்ப்ஸுக்கும் சிலதை நீலகிரிக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

உள்ளேயும் அதே ஏற்பாடுதான். நாலு சிலிண்டர். சமதளத்தில் உயர் அழுத்த சிலிண்டர் இரண்டு மட்டும் வேலை செய்து சக்கரத்தை ஓட்டும். ஏற்றத்தில் நடுவே இருக்கும் பல் தண்டவாளத்தில் ஏறியதும் அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் குறைந்த அழுத்த சிலிண்டருக்குப் போய், அந்தப் பல்லைக் கடித்து ஏறும் பினியன் சக்கரத்தைச் சுழற்றும். ராக் என்கிற அந்தப் பல் தண்டவாளமும் நம்முடைய ஆப்ட் முறைதான், இரண்டு பட்டை, பல் மாற்றி மாற்றி. கல்லாறு ஏற்றம் பன்னிரண்டரைக்கு ஒன்று என்று எனக்குச் சின்ன வயதில் மனப்பாடம் செய்ய வைத்தீர்களே, இங்கே ஒன்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் இடங்கள் உண்டு. இன்னொரு வித்தியாசம், நம்ம எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். இங்கே பாதை இரண்டு பக்கத்திலிருந்தும் உச்சிக்கு ஏறுகிறது, அதனால் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கிறது. பெட்டிக்குப் பெட்டி பச்சைக்கொடி காட்டும் பிரேக்ஸ்மேன்கள் நம்மிடம் இருக்கிறார்கள் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. யூட்யூபில் காட்டினேன்.

இந்த எஞ்சின்களின் கதை இன்னும் வேடிக்கை. 1940-களில் பாதையை மின்மயமாக்கியதும் நீராவி எஞ்சின்கள் வேண்டாதவை ஆகிவிட்டன. 1947-ல் நாலு எஞ்சின்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே தாலாத் மலைக்கு இதே போலப் பல் தண்டவாளப் பாதை. போரில் அந்தப் பாதை நாசமானது, எஞ்சின்கள் தாலாத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் இங்கிருந்து போய், மலையிலிருந்து லாரியில் இறக்கி, கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். தாங்கள் விற்ற நாலோடு, தாலாத்துக்கென்றே செய்த பெரிய ஹெச்ஜி 4/4 இரண்டும் வந்தன. நாலு ஜோடி ஓட்டுச்சக்கரம் கொண்ட அந்தப் பெரியதைப் பார்த்தால் உங்கள் எக்ஸ் கிளாஸுக்குக் கூடப்பிறந்த தம்பி என்றே சொல்வீர்கள். வந்தபோது எல்லாம் வெறும் கூடு. ஒன்றை ஓட வைக்க வருஷக்கணக்காகியிருக்கிறது.

குளிர்காலத்தில் பாதை மூடியதும் வேலை உஸ்வில் பட்டறைக்கு மாறும். அங்கே பாய்லர் ட்யூப் கழற்றுவதற்கும், தகடுகளைப் பிடித்திருக்கும் ஸ்டே போல்ட்டைத் தட்டிப் பார்ப்பதற்கும் நானும் போகிறேன். கரி எரியும் ஃபயர்பாக்ஸின் தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று அல்ட்ராசானிக் கருவி வைத்து அளக்கிறோம். பக்கத்தில் நின்ற பெரியவர் கருவி காட்டுவதற்கு முன்பே சுத்தியலால் தட்டிப் பார்த்து இடத்தைச் சொன்னார். நீங்களும் அப்படித்தான் தட்டுவீர்கள் என்றேன். அன்றையிலிருந்து உங்களைப் பற்றி விசாரிக்காத வாரம் இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான் அப்பா. இங்கே மலைப்பாதையில் நீராவி நின்றபோதே அதைத் தெரிந்த கைகளும் போய்விட்டன. இப்போது எஞ்சின் ஓட்டுபவர்களில் வாத்தியார் உண்டு, பல் டாக்டர் உண்டு, ரிட்டயரான மின்சார ரயில் டிரைவர் உண்டு. பழைய வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். குன்னூரில் அந்தச் சங்கிலி அறுபடவே இல்லை. நாளைக் காலை வண்டிக்கு எஞ்சின் வேண்டும், அதனால் இன்று ராத்திரி பழுது பார்த்தீர்கள். யாரும் அதைப் பாரம்பரியம் என்று சொல்லவில்லை, 2005-ல் யுனெஸ்கோ வந்து சொல்லும்வரை. பிறகு பொன்மலைப் பட்டறையில் அதே எக்ஸ் கிளாஸைப் புதிதாகவே செய்தார்கள். வின்டர்தூரில் எஸ்எல்எம் இருந்த இடத்தை இப்போது லோக்‌ஷ்டாட் என்கிறார்கள். பழைய கூடங்களின் பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன, ஒரு கட்டடத்துக்குக் 'குரோகோடில்' என்று பழைய எஞ்சினின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தேன். காபி விலை அதிகம்.

இதையெல்லாம் பெருமைக்கு எழுதவில்லை. உங்கள் கோபத்திலும் உண்மை இருக்கிறது. இவர்களுக்கு இது விடுமுறை, உங்களுக்கு வயிற்றுப்பாடு. இங்கே காதுக்கு மஃப் போடாமல் ஷெட்டில் நடந்தால் திட்டுவார்கள். நீங்கள் காட்டன் வேஸ்ட்டைக் காதில் சொருகிக்கொண்டு முப்பது வருஷம் வேலை பார்த்தீர்கள். நான் மாலையில் வெந்நீரில் குளித்துவிட்டு, திங்கட்கிழமை திரைக்கு முன்னால் போய் உட்காரலாம். அந்த வசதி உங்களால் கிடைத்ததுதான், மறக்கவில்லை. இன்னொன்று, குன்னூர் ஷெட்டில் என்னை வாசல் வரைக்கும்தான் விட்டார்கள். பெண்பிள்ளைக்கு உள்ளே என்ன வேலை என்று கேட்டார்கள். இங்கே முதல் நாளே ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்கள்.

சாப்பாடு பரவாயில்லை. மக்ரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து வேகவைத்து, கூடவே ஆப்பிள் கூழ் தருகிறார்கள். ஊறுகாய் பாட்டில் இல்லாமல் நான் மலையேறுவதில்லை. சூரிச்சில் கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடையில் கிடைக்கிறது. கடைக்கார அக்கா "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்கும்போது ஊர் ஞாபகம் வந்துவிடும், அது நம் ஊர்ப் பேச்சு இல்லை என்றாலும்.

இனி காரியம். ஷெட்டில் இருப்பவர்கள் உங்களிடம் கேட்கச் சொன்னவை. கல்லாறில் ராக்கில் நுழையும்போது பினியன் சரியாகக் கடித்துவிட்டதை டிரைவர் எதை வைத்து முடிவு செய்வார், சத்தமா, காலுக்கடியில் வரும் அதிர்வா? மழைக்காலத்தில் ராக்குக்கு என்ன கிரீஸ் போட்டீர்கள்? பினியன் பல் எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவீர்கள், அதற்கு கேஜ் இருந்ததா, இல்லை கண் மதிப்பா? இறக்கத்தில் சிலிண்டரில் காற்றை அழுத்தி பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் விடும் அளவை யார் பார்த்துக்கொண்டார்கள், ஃபயர்மேனா டிரைவரா? எழுதச் சிரமமாக இருந்தால் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். நான் ஜெர்மனில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்த ஜூலையில் நீங்களும் அம்மாவும் வர விசாவுக்கு இப்போதிருந்தே பார்க்கிறேன். பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன், தள்ளிப்போட வேண்டாம். வர்க்கி இனி பார்சலில் அனுப்பாதீர்கள். எனக்கு வந்து சேர்வது தூள்தான்.

அன்புடன்,
உங்கள் மகள்