உன் வேலியோர மூங்கில் எனக்கு வேண்டும்

அன்புள்ள சண்முகம்,

ஆறு மாதமாக எழுதவில்லை, திட்டாதே. இங்கே எல்லாரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விடுகிற மாதிரி இல்லை. டிராயிங் மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராத கோபத்தில் தங்கராசு உன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறான், ஒரு போன் போட்டுச் சமாதானம் செய்.

நான் மூங்கிலும் கண்ணாடியிழையும் ஒட்டிச் செய்த வில் உடைந்துவிட்டது. போன ஞாயிறு மாடியில் நாண் ஏற்றி இழுத்தேன். 24 அங்குலம் வரை அழகாக வளைந்தது, இன்னும் கொஞ்சம் இழுத்ததும் காதருகே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், மேல்பாதி பிளந்து நுனி பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. ஐந்து நிமிடம் முன்னால்வரை அந்தச் சுவரோரம்தான் சின்னவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் உடைந்த துண்டை வெயிலில் வைத்துப் பார்த்தேன். எபாக்ஸி பசை விடவில்லை, கண்ணாடியிழைப் பட்டையும் மூங்கிலும் ஒட்டியபடியே இருந்தன. நடுவில் இருந்த மூங்கில்தான் கிழிந்திருந்தது, விரலால் நெருடினால் பஞ்சு மாதிரி உதிர்ந்தது. மூங்கிலைக் குறுக்கே அறுத்துப் பார், தோல் பக்கம் கடுகு கொட்டின மாதிரி கருப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். அவைதான் நார். உள்ளே போகப் போகப் புள்ளி குறைந்து வெளுத்த சோறுதான் மிஞ்சும். தடிமன் வேண்டுமென்று அந்தச் சோற்றையும் சேர்த்துத்தான் நான் சீவியிருந்தேன். வில்லின் முதுகிலும் (எதிரே பார்க்கிற பக்கம்) வயிற்றிலும் (நம்மைப் பார்க்கிற பக்கம்) உள்ள கண்ணாடியிழை இழுவிசையையும் அமுக்கத்தையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், நடுவில் இருப்பது அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிடிக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்கள் நழுவுமே, அதே கதை. மொத்தத் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்று தடிமன் அளக்கிற கேலிப்பரும் கையுமாக அளந்துகொண்டிருந்தேன், அளவெல்லாம் சரியாகவே இருந்தது, நாரைத்தான் பார்க்கவில்லை.

இனி தோல் பக்கத்துக் குச்சிகளை மட்டும், மெழுகுத் தோலைச் சீவிவிட்டு, கணுக்கள் ஒரே இடத்தில் வராதபடி பக்கவாட்டில் நிறுத்தி ஒட்டப்போகிறேன். ஜப்பானியர் யூமி வில்லின் நடுவிலும் மூங்கில் குச்சிகளை இப்படி நிறுத்தித்தான் வைக்கிறார்கள், ஏழடிக்கு மேல் நீளமான வில் அது. தரைக்குப் பதிக்கும் மூங்கில் பலகையை வாங்கிக்கொள் என்கிறான் தங்கராசு. வாங்கலாம், ஆனால் நீராவியில் பழுப்பாக்கியது வேண்டாம், அதில் வலு குறைவு, வெளிர் நிறப் பலகைதான் சரி.

எனக்கு ஆசை உன் தாத்தா நட்ட கல்மூங்கில் மேல்தான். லத்திக்கு ஆகிற மூங்கில், உள்ளே பொந்து அவ்வளவாக இருக்காது. மூன்று நான்கு வயசுக் கழியாகப் பார், இளசில் வெள்ளை மாவு படிந்து கணுவில் உறை ஒட்டியிருக்கும், முற்றினதில் பாசித் திட்டு இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். வனத்துறை கேட்குமோ என்று பயப்படாதே, காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கிலை 2017-லேயே மரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெட்டினதும் வாய்க்காலில் சில வாரம் ஊறப்போட வேண்டும், மாவுச்சத்து கரையாவிட்டால் வண்டு துளைத்துவிடும்.

ஐந்து கழிக்குச் சுண்ணாம்பு அடையாளம் வைத்துவிடு. அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், அறுக்கிற ரம்பத்தை நானே கொண்டுவருகிறேன். இந்தத் தடவை நாண் ஏற்றும்போது மாடியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

உன்,
கதிர்