ஆற்றோர முகாமுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கோல குபு பாரு மக்களுக்கும் சுற்றுத் தோட்டங்களில் இருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறையில் 26 பிள்ளைகளும் 16 பெரியவர்களும் ஆற்றோரக் காட்டில் இரண்டு இரவு தங்கித் திரும்பியாயிற்று. அட்டைக்கடித் தழும்பைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. யார் என்ன செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அளவோடு எழுதிவைத்தால் அடுத்து காட்டுக்குப் போகிறவர்களுக்கும் உதவும். பெயர் வேண்டாம் என்று பலரும் சொன்னதால் பெயர்களை விட்டுவிட்டோம். ஓடையின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். பெயர் வெளியே போன ஓடைகளின் கரையில் எத்தனை மீ பொட்டலங்கள் கிடக்கின்றன என்று ஒருநாள் போய் எண்ணிப் பாருங்கள்.

முதல் நன்றி தெமுவான் பூர்வகுடிக் கம்பத்துப் பெரியவருக்கு. கூடாரம் போட நாங்கள் பார்த்து வைத்திருந்த இடம் வளைவில் இருந்த மணல் திட்டு. தட்டையாக, சுத்தமாக, படம் பிடிக்க அழகாக இருக்கும். அதை அவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே ஆறுதான், அது எந்த ராத்திரியிலும் தன் படுக்கைக்குத் திரும்பி வரும் என்றார். பிறகு கரையோரச் செடிகளைக் காட்டினார். கிளைகளில் காய்ந்த புல்லும் சருகும் சிக்கியிருந்தன, ஆள் உயரத்துக்கு மேலே. கடைசி வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு மேலே, நீர்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் ஏறிய மேட்டில்தான் முகாம் அமைந்தது. வேரும் சரிவுமாக இருந்த இடம், முதுகு வலித்தது உண்மைதான். ஆற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதைவிட எத்தனை அடி உயரத்தில் என்பதையே பார்க்க வேண்டும். அண்ணாந்தும் பார்க்கச் சொன்னார்: பட்டுப்போன கிளை தொங்கும் மரத்தடியிலும் காய்த்திருக்கும் டுரியான் மரத்தடியிலும் படுக்கக் கூடாது.

கெப்பாலா ஆயரை, அதாவது மேலிருந்து திடீரென்று இறங்கும் ஆற்று வெள்ளத்தை, பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம். 1883 அக்டோபரில் அணை உடைந்து பழைய ஊரை அடித்துக்கொண்டு போன இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்றுதான் பெயர். அதன் பிறகும் வெள்ளமும் மண்ணும் விடாமல் துரத்தியதால்தான் ஊர் மேட்டுக்கு மாறி 'பாரு', அதாவது புதிய ஊர், ஆனது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வானம் நீலமாக இருக்கிறதே என்று இறங்கிவிடுகிறோம். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே தித்திவங்சா மலைமுகட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். மேலே விழுந்த மரங்களும் சருகும் ஓடையை அடைத்து நீரைத் தேக்கினால், அந்த அடைப்பு உடையும்போது தண்ணீர் சுவர் போல இறங்கும். தெளிந்த நீர் தே தாரிக் நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் கொத்தாக மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, சிலசமயம் நீர் திடீரென்று குறைவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டு, செருப்பு, போன் எதையும் எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

பெரியவரின் பேரன் ஒரு கம்பில் பாராங் கத்தியால் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறி ஓரத்து நீரில் நட்டுத் தந்தான். பிள்ளைகள் தண்ணீரில் இருந்தவரை ஒருவர் கால்மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்தார். இரண்டு கோடு ஏறினால் எல்லாரும் வெளியே என்பது ஏற்பாடு. இரண்டாம் நாள் மதியம் ஒன்றரைக்கு அது நடந்தது, எல்லாரும் ஏறினோம், நீர் இன்னும் ஒரு கோடு ஏறி நின்றது. காசில்லாத அந்தக் கம்புக்கும் ஒரு நன்றி. ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுவந்த பெற்றோருக்கும் இங்கேயே நன்றி சொல்கிறோம். பாட்டு ஓடினால் ஆற்றின் இரைச்சல் மாறுவது காதில் விழாது. விடியற்காலையில் சியாமாங் குரங்குகள் கூவியதையும் கேட்டிருக்க முடியாது.

அடுத்து ராஃப்டிங் வழிகாட்டித் தம்பிகள் மூவர். போகும் வழியில் ஓடையை இரண்டு இடத்தில் கடக்க வேண்டும். 30 மீட்டர் கயிற்றை அவர்கள் நேர்க்குறுக்காகக் கட்டவில்லை, அக்கரை முனை ஆறு ஓடும் திசையில் தள்ளியிருக்கும்படி சாய்த்துக் கட்டினார்கள். அப்படிக் கட்டினால் நீரின் தள்ளலே ஆளை அக்கரைக்குக் கொண்டு சேர்க்கும். பிடித்து நடப்பது கயிற்றுக்குக் கீழ்ப்பக்கம், முகம் மேல்நீரைப் பார்த்து. மேல்பக்கம் நின்றால் தண்ணீர் ஆளைக் கயிற்றோடு அழுத்திவிடும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கக் கேட்ட ஓர் அப்பாவை அவர்கள் விடவில்லை: விழுந்தால் கயிறு இழுத்துப் பிடிக்கும், ஓடும் நீர் ஆளை அடியில் அமுக்கிவிடும். பையின் இடுப்புவார் அவிழ்ந்திருக்க வேண்டும். பிள்ளையின் முழங்காலுக்கு மேல் நீர் ஓடினால் கடப்பதே இல்லை. கடக்கும் இடத்துக்குக் கீழே எறிகயிற்றுப் பையோடு ஒருவர் எப்போதும் நின்றார். விழுந்தவர் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது என்பதைச் செய்தே காட்டினார்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் நீர் முதுகில் ஏறி முகத்தை அமுக்கும். மல்லாந்து, கால் கீழ்நீரைப் பார்க்க மிதந்து, ஆழம் குறைந்த பிறகே எழ வேண்டும்.

பால்வெட்டுக்குப் போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்தை, அதுதான் அடிடாஸ் கம்போங், 20 ஜோடி கடன் கொடுத்த சாமான் கடைக்காரருக்கு எப்படி நன்றி சொல்வது? நூறு நூறாகக் கொடுத்து வாங்கிய காலணிகள் நனைந்து கனத்தபோது இதில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நடந்தோம். சேற்றில் நன்றாகப் பிடிக்கும். பாசிப் பாறையில் மட்டும் எதை நம்பியும் கால் வைக்காதீர்கள்.

தார்ப்பாய் ஐந்தும் கொடுத்துக் கட்டியும் தந்தவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி அண்ணன். தட்டையாகக் கட்டினால் நடுவில் நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் நீர் நின்றாலே 50 கிலோ, கயிறு தாங்காது. நடுக்கயிற்றை உயர்த்தி இரு பக்கமும் சரித்து, ஒரு மூலையை இன்னும் தாழ்த்தி நீர் வடிய வழி விட்டார். கிழிந்த கண்ணுள்ள மூலையில் ஒரு கூழாங்கல்லைத் துணியோடு சுருட்டி அதன் கழுத்தில் கயிறு போட்டார். கயிற்று வழியே மழைநீர் உள்ளே ஓடி வராமல் பாயின் விளிம்புக்கு வெளியே ஒரு துணித்துண்டை முடிந்து தொங்கவிட்டதுதான் எங்களுக்குப் புதிய பாடம். நீர் அந்தத் துணியிலேயே சொட்டிவிடும்.

சமையலைக் கையில் எடுத்த அக்காமார்களுக்கு. ஆளுக்கு 120 கிராம் அரிசி என்று 42 பேருக்கு வேளைக்கு ஐந்து கிலோ போட்டார்கள், மீதமே இல்லை. நெத்திலிச் சம்பலைத் தேங்காய்ப்பால் சேர்க்காமல் எண்ணெய் பிரியச் சுண்டக் கிண்டியதால் இரண்டு நாளும் கெடவில்லை. பால் சேர்த்திருந்தால் முதல் நாள் மாலையே நொதித்திருக்கும். ஈர விறகை நம்பாமல் கேஸ் தோம்பைக் கம்பில் தொங்கவிட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தது வீண் போகவில்லை. குடிநீரைக் குளிக்கும் இடத்துக்கு மேலே மொண்டு, வாளியில் தெளியவிட்டு, துணியில் வடித்து, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் வைத்தார்கள். பாத்திரம் ஓடையில் கழுவப்படவில்லை. எச்சில் சோறு கரையில் விழுந்தால் ராத்திரி காட்டுப்பன்றி வரும்.

அட்டைக்குப் புகையிலை ஊறவைத்த தண்ணீரில் காலுறைகளை முக்கிக் கொடுத்த தோட்டத்துப் பாட்டிக்கும் நன்றி. கடித்ததைப் பிடித்து இழுக்காமல் வாயடியில் நகத்தால் தள்ளினால் விழுந்துவிடும், ரத்தம் நிற்கக் கொஞ்ச நேரமாகும், பயப்பட வேண்டாம்.

வனக் காப்பகத்துக்குள் போக அனுமதி வேண்டும் என்று நினைவூட்டி விண்ணப்பத்தை நிரப்பித் தந்த ஆசிரியைக்கும், பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு "ஞாயிறு மூன்று மணிக்குள் தகவல் வரவில்லையென்றால் 999" என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்த ஒட்டுக்கடை அண்ணனுக்கும் நன்றி. உள்ளே போனில் ஒரு கோடும் கிடையாது. வெளியே ஒருவர் காத்திருப்பது தெரிந்ததால்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

கிளினிக் தாதி சொன்னதைப் பெற்றோர் மறக்க வேண்டாம்: எலிச் சிறுநீர்க் காய்ச்சல் ஆற்றில் இறங்கி 30 நாள் வரைகூடத் தலைகாட்டலாம். தொடக்கத்தில் டிங்கி போலவே இருக்கும். காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ஆற்றில் குளித்ததைச் சொல்லுங்கள்.

பெரிய கிடாரத்தின் மூடி ஒன்றும் இடது கால் சப்பாத்து இரண்டும் கோயில் சாமான் அறையில் இருக்கின்றன. உரியவர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
முகாம் ஏற்பாட்டுக் குழுவினர்
கோல குபு பாரு, சிலாங்கூர்