குதிரைகளை எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காலத்தில் நடக்கும் கதைகளான பீரியட் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை குதிரை, எவ்வளவு பெரிய செட், எத்தனை துணை நடிகர்கள் என்ற கணக்கிலேயே கட்டுரை முடிந்துவிட்டது. நானும் அரண்மனையைக் கண்டால் வாய் பிளப்பவன்தான். ஆனால் படம் பார்த்துப் பல வருடம் கழித்தும் எனக்கு நினைவிருப்பதெல்லாம், யாரோ ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கிய இடங்கள்.

1993இல் வந்த 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'யில் ஆந்தனி ஹாப்கின்ஸ் ஒரு பெரிய மாளிகையின் தலைமைப் பணியாள். தன் அறையில் தனியாக ஏதோ படித்துக்கொண்டிருக்கிறார். என்ன புத்தகம் என்று விசாரித்தபடி, அதே மாளிகையில் வேலை பார்க்கும் எம்மா தாம்ப்சன் நெருங்கி வருகிறார். இவர் காட்ட மறுத்து அதை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அவரோ ஒவ்வொரு விரலாக விலக்கிப் புத்தகத்தை எடுத்துவிடுகிறார். பார்த்தால், சாதாரணக் காதல் கதை! அவ்வளவுதான் காட்சி. ஹாப்கின்ஸ் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "சொல்லித் தொலையேன்யா!" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தியது நிஜம். நாலு முறை பார்த்துவிட்டேன். மனுஷன் இன்னும் சொல்லவில்லை.

'பாரி லிண்டன்' (1975) விஷயத்தில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். முதல் முறை பாதியில் தூங்கிவிட்டேன். இரண்டாம் முறைதான் அந்தச் சீட்டாட்டக் காட்சியில் விழித்துக்கொண்டேன். நாசாவுக்காகத் தயாரான ஸைஸ் நிறுவன லென்ஸை வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே இயக்குநர் குப்ரிக் எடுத்த காட்சி அது. அந்த லென்ஸில் நடிகர் கொஞ்சம் முன்பின் நகர்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும். அதனால் எல்லோரும் சிலைபோல உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அசையாமையே காட்சிக்கு அழகாகிவிட்டது. மேசைக்கு எதிரெதிரே நாயகனும் ஒரு சீமாட்டியும் பார்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் அவள் எழுந்து வெளியே போகிறாள், அவன் பின்னாலேயே போகிறான், கையைப் பிடிக்கிறான். அவர்கள் இருவருக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

கட்டுரையில் ஒரு சிறு திருத்தமும் உண்டு. 1995ஆம் ஆண்டு பிபிசி தொடரான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸில் டார்சியாக நடித்த கோலின் ஃபர்த் குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு வருவாரே, அதை ஜேன் ஆஸ்டினின் கற்பனை என்று கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிறார். தொடருக்கு மூலமான, 1813இல் வெளியான ஆஸ்டினின் நாவலில் அப்படி ஒரு காட்சியே இல்லை. தொடருக்காகச் சேர்த்தது. ஆறு எபிசோடையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: குளத்தைவிட, பியானோ அருகில் நின்று நாயகி எலிசபெத் டார்சியைப் பார்க்கும் பார்வைதான் உசத்தி. அதே நாவலை வைத்து 2005இல் வந்த படத்திலோ, அவளை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும் டார்சி, அவளைத் தொட்ட கையின் விரல்களை ஒருமுறை விரிப்பான். கண் சிமிட்டினால் தவறிப்போகும்.

கடைசியாக ஒன்று. 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' கட்டுரையில் வந்த படங்களின் பட்டியலில் இல்லையே, ஏன்? அது நிகழ்காலக் கதை என்பீர்கள். சரி, ஆனால் அதற்கு அடிப்படை ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'தானே! அதில் மம்மூட்டி காதலை மனதிலேயே வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். 1995இல் ஆங் லீ எடுத்த படத்தில் அதே இடத்தில் ஆலன் ரிக்மன். இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். எதற்கு அதிகம் அழுதேன் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்