வெள்ளரிப்பழத்தால் வாய் அரிப்பது சாட்டல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழம் தின்றதும் வாய் அரிப்பதாகப் பிள்ளைகள் சொல்வது வெறும் சாட்டு என்றும், மகரந்த ஒவ்வாமைக்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்றும் கடந்த ஞாயிறு தங்கள் மருத்துவப் பகுதியில் வெளிவந்ததை வாசித்து மனம் நொந்து எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வீட்டைச் சுற்றி வயல். பெரும்போக நெல் வேளாண்மை பூக்கத் தொடங்கினால் என் மகளுக்குத் தும்மலும் கண்ணரிப்பும் வந்துவிடும். பின்னர் வெயில் ஏறி, வீதியோரங்களில் வெள்ளரிப்பழம் குவியும் காலத்தில், பழத்தைப் பிளந்து சீனி தூவிக் கொடுத்தால் இரண்டு வாய் தின்பதற்குள் உதடு தடித்து, அரிக்கும் அண்ணத்தை நாக்கால் தேய்த்துக்கொண்டிருப்பாள். வாழைப்பழத்திற்கும் பச்சைத் தக்காளிக்கும் இதே கதைதான். அதே தக்காளி கறியில் வெந்துவிட்டால் ஒன்றும் செய்வதில்லை. இதற்காகப் பாடசாலையில் அவள் பொய்க்காரி என்று பெயர் வாங்கினாள். அந்தப் பெயரை இப்போது தங்கள் பத்திரிகையும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

ஒவ்வாமை பற்றி அறிந்த வைத்தியர் ஒருவரே எங்களுக்கு இதை விளங்கப்படுத்தினார். நெல், அறுகு முதலான புல்லினங்களின் மகரந்தத்திலும், வெள்ளரி, வாழை, தக்காளி ஆகியவற்றிலும் புரபிலின் என்னும் புரதம் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால், மகரந்தத்துக்கு எதிராக உடலில் உண்டான ஐ.ஜி.ஈ. என்னும் பிறபொருளெதிரி, அதாவது உடல் தன் காப்புக்காக உண்டாக்கும் புரதம், பழத்திலுள்ள புரதத்தையும் பற்றிக்கொள்கிறது. வெப்பத்திலும் இரைப்பைச் சாற்றிலும் புரபிலின் சிதைந்துவிடுவதால் தொல்லை பெரும்பாலும் வாயோடு நிற்கிறது. புரபிலின் ஓர் ஒவ்வாமையூட்டி என்று 1991இலேயே கண்டறிந்துவிட்டார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

முன்னொரு முறை, தும்மல் உள்ளவர்கள் முற்றத்து மல்லிகையையும் செவ்வந்தியையும் பிடுங்கிவிட வேண்டும் என்று இதே பகுதியில் எழுதினீர்கள். பூச்சிகள் காவும் அந்த மகரந்தம் பாரமானது, ஒட்டும் தன்மையுடையது. காற்றில் பறந்து மூக்கில் ஏறுவது புல்லின் மகரந்தமே. இன்னொரு முறை ஐரோப்பாவின் பேர்ச் மர மகரந்தத்தையும் அப்பிள் ஒவ்வாமையையும் பற்றி அரைப்பக்கம் வந்தது. வயலோடு வாழும் எங்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இறால் ஒவ்வாதவர்கள் நன்றாக அவித்துத் தின்னலாம் என்று எழுதியதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இறாலிலும் நண்டிலும் உள்ள திரோபோமயோசின் என்னும் ஒவ்வாமையூட்டும் புரதம் அவித்தாலும் அழியாது. வாவிக்கரை வீடுகளில் இறாலும் நண்டும் அடிக்கடி சமைக்கப்படுகின்றன என்பதை நினைத்து அப்போதே கடிதம் அனுப்பினேன், அது பிரசுரமாகவில்லை.

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வாயரிப்போடு மூச்சுத்திணறலோ உடலெங்கும் தடிப்போ கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெல்லாவெளி.