மிஸ்டு கால் கொடுத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேச்சில் புழங்கும் சொற்களை அகராதியில் சேர்த்தால் தமிழ் கெட்டுவிடும் என்று பலரும் வருந்துகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. குறளில் ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்’ என்பது மொட்டுக்குள் இருக்கும் மணம். இன்று நாற்றம் என்றால் மூக்கைப் பொத்துகிறோம். அந்தப் பொருளை மாற்றியது அகராதியா, பேசிய நாமா?

‘மிஸ்டு கால்’ என்பதையே பாருங்கள். எடுக்கத் தவறிய அழைப்பு என்பதுதான் அதன் நேர்ப்பொருள். நாமோ அதை ‘கொடுக்க’ ஆரம்பித்தோம். என் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவார். ‘வந்துட்டேன், வண்டிய எடுத்துட்டு வா’ என்று அர்த்தம். காசு மிச்சம் பிடித்த ஏழை எளியவர்கள் உண்டாக்கிய பொருள் அது.

1992-இல் வெளிவந்த க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி, மக்கள் எழுதிய வாக்கியங்களிலிருந்தே பொருளைத் திரட்டியது. நல்ல வழி அதுதான். மிஸ்டு கால் கொடுக்கும் வழக்கமே இப்போது அருகி வருகிறது. அந்தச் சொல் அடியோடு மறைவதற்குள் அகராதிக்காரர்கள் அதைப் பதிந்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை