இக்னிஷன் காயில் வாங்குமுன் ஓம் (மின்தடை) பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டர்போ காருக்கு வோல்ட் அதிகம் தரும் இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வர பேட்டரி வோல்ட்டை உயர்த்தும் சுருள்) போதும் என்பது பாதிதான் சரி. பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றழுத்தம்) ஏறும்போது பிளக்கில் பொறி தாவக் கூடுதல் வோல்ட் தேவை, உண்மை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிரைமரி ஓம், அதாவது காயிலில் பேட்டரி கரன்ட் ஓடும் சுற்றின் மின்தடை. வயர்களைக் கழற்றிவிட்டு காயிலின் + – முனைகளில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். மீட்டர் வயரின் சொந்த ஓமைக் கழிக்க மறக்காதீர்கள். சுமார் 3 ஓம் என்றால் நேரடி 12 வோல்ட் காயில், 1.5 என்றால் பெரும்பாலும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரன்டைக் குறைக்கத் தொடராக மாட்டும் தனி மின்தடை) ஓடுவது. பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் மாட்டினால் கரன்ட் ஏறத்தாழ இரட்டிப்பாகி பாயின்ட் (காயிலுக்கான கரன்டைத் துண்டித்துச் சேர்க்கும் தொடுமுனை) கருகும். பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருந்தால் அது தாங்கும் ஓமுக்குக் கீழே போகவே கூடாது. பூஸ்ட்டில் மட்டும் திணறுகிறதா? காயிலை மாற்றுமுன் பிளக் இடைவெளியை 0.1 மி.மீ. குறைத்துப் பாருங்கள்.

– ஒரு வாசகர்